ஐவி கடலுக்கு அனுப்பிய குஞ்சுகள்

ஈப்போவை ஒட்டிய லகாட்டில் காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு வாங்குகிற எல்லாருக்கும் ஐவியைத் தெரியும். மோட்டார் பட்டறைக்குப் பக்கத்தில் பெரிய குடை, அதன் அடியில் ஒரு மேசை, மேசை மேல் வாழையிலைப் பொட்டலங்கள். அவற்றுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து யாரையாவது அதட்டிக்கொண்டிருக்கிற அறுபது வயதுப் பெண்மணிதான் ஐவி. அதட்டலுக்குப் பெரிய காரணமெல்லாம் இருக்காது. நேற்று ஏன் வரவில்லை, ஏன் இப்படி இளைத்துப் போயிருக்கிறாய், பொண்டாட்டிக்கும் ஒரு பொட்டலம் வாங்கிப் போனால் கை தேய்ந்துவிடுமா, இப்படி. வாங்குகிறவர்கள் சிரித்துக்கொண்டே திட்டையும் வாங்கிப் போவார்கள். ஐவியின் காரமான கெராங் சம்பலுக்காக இதைவிடப் பெரிய திட்டையும் தாங்கலாம் என்பதுதான் ஊர் அபிப்பிராயம்.

கெராங் என்பது சேற்றுக் கடலில் வளரும் குட்டைச் சிப்பி. ஓட்டின் மேல் விசிறி மடிப்பு மாதிரி வரிகள் ஓடும். திறந்தால் உள்ளே ரத்தச் சிவப்பில் சாறு வடியும். சரியாகக் கழுவத் தெரியாதவர்கள் சமைத்தால் வாயெல்லாம் மண்ணாகக் கடிக்கும். ஐவியின் சம்பலில் ஒரு துளி மண் கடித்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்ல தைரியமில்லை என்றும் சிலர் சொல்வார்கள். அது பொறாமை.

இந்த ஐவிக்கு ஒரு குணம் உண்டு. தப்பு செய்துவிட்டால் அதைச் சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில், பொட்டலங்கள் முக்கால்வாசி விற்றுப்போன பிறகு, தன் பசிக்கு ஒன்றைப் பிரித்தவள் இரண்டாவது வாயிலேயே நிறுத்திவிட்டாள். தேங்காய்ப்பால் லேசாகத் திரிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு, ஆண்டவரே காப்பாற்று என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஐவி கடையை அப்படியே போட்டுவிட்டு, கணவர் லூர்துசாமியின் கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டு, அன்று வாங்கியவர்களையெல்லாம் தேடிப் போனாள். பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை, டயர் கடை, தொழிற்சாலை வாசல் என்று ஓர் இடம் விடவில்லை. "சாப்பிட்டுட்டீங்களா? சாப்பிடாதீங்க. இப்படிக் குடுங்க" என்று பிடுங்காத குறையாக வாங்கினாள். ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்த காவலாளி ஒருவர், "நல்லாத்தானே இருந்துச்சுலா அக்கா" என்றார். "நல்லா இல்லை. உங்க நாக்குதான் சரியில்லை" என்று அவருக்கும் ஓர் அதட்டல் போட்டுவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்டாள்.

ஐவி பிறந்தது செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அப்பா அம்மா இருவரும் பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் பால் மரம் வெட்டினார்கள், பிறகு ஐவியும் வெட்டினாள். தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் வந்தபோது தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். லூர்துசாமி ஓட்டிக்கொண்டிருந்த லாரியிலேயே சாமான்களை ஏற்றிக்கொண்டு லகாட்டுக்கு வந்துவிட்டார்கள். அதைச் சொல்லி ஐவி கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. "அட்டைக் கடியும் போச்சு, கிராணி சத்தமும் போச்சு. நிம்மதி" என்பாள். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்.

ஆனால் தோட்டத்திலிருந்து ஒரே ஒரு பழக்கம் மட்டும் அவளோடு லாரியில் ஏறி வந்துவிட்டது. தோட்டத்துக்கு நடுவே ஓடிய ஓடையில் பெண்கள் ஊரி பொறுக்குவார்கள். ஊரி என்பது கறுப்பு ஓடு போட்ட சின்ன நத்தை, மிளகு போட்டுப் பிரட்டினால் சோறு போகிற போக்கே தெரியாது. பொறுக்குவதற்கு ஒரு சட்டம் இருந்தது. விரல் நகத்தைவிடச் சின்ன ஊரியை எடுக்கக் கூடாது. தவறி எடுத்துவிட்டால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது. சம்பள நாளில் குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள்கூட இந்தச் சட்டத்தை மட்டும் மீற மாட்டார்கள். கூடையில் விழுந்த சிறுசுகளைப் பொறுக்கி ஓடையில் விடுவது சின்ன வயதில் ஐவியின் வேலை. அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை இருந்தது.

கெராங் கொண்டுவருகிறவர் மீரா சாஹிப். ஐவியைவிட ஐந்தாறு வயது இளையவர். பாகான் செராயில் துணிக்கடை வைத்திருந்தவர், துணி வாங்க ஆள் வராமல் போன பிறகு கடையை மூடிவிட்டு, ஐம்பதைத் தாண்டிய வயதில் கடலைப் பிடித்தவர். கரையை ஒட்டிய சேற்றில் கம்பு நட்டு எல்லை பிடித்து, அதற்குள் விதைச் சிப்பி தூவி வளர்க்கிறார். அதைப் பாத்தி என்றுதான் அவர் சொல்வார். வாரத்துக்கு ஒரு தடவை வேனில் ஈப்போ பக்கம் வந்து, கடைகளுக்குச் சாக்குச் சாக்காகப் போட்டுவிட்டுப் போவார். ஐவி கடைக்குக் கடைசியில்தான் வருவார். வந்தால் பால் கலக்காத தேநீர், ஒரு தே ஓ குடித்து, அரை மணி நேரம் திட்டு வாங்கினால்தான் அவருக்கும் வாரம் முடிந்த மாதிரி இருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் பிற்பகல், ஐவி வழக்கம் போலக் கெராங்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதலில் குழாய்த் தண்ணீரில் கொட்டி, கையால் சுழற்றிச் சுழற்றி அலசுவாள். அப்புறம் உப்புத் தண்ணீரில் ஊறப் போடுவாள். அலசிய தண்ணீரைச் சாய்த்துவிட்டுப் பார்த்தபோது, சேற்றுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் குறுணை கிடந்தது. அரிசி எப்படி இதில் விழுந்தது என்று ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள், நசுங்கவில்லை. லூர்துசாமியின் மூக்குக் கண்ணாடியைக் கேட்காமலே பிடுங்கி, அதைப் பூதக்கண்ணாடியாகப் பிடித்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அது ஓடு. அரிசி மணியைவிடச் சின்னதான அந்த உடம்பில் பால் வெள்ளையாக, எண்ணெய் தடவின மாதிரி ஒரு பளபளப்பு. அடியிலிருந்து நுனிவரை சுற்றுச் சுற்றாக ஏறிப்போகிற கூம்பு. ஒவ்வொரு சுற்றிலும் சீப்புப் பல் மாதிரி நெருக்கமான வரிகள். உச்சியில் ஒரு கடுகுத் துணுக்கு அளவில் இன்னொரு சுருள், மற்றச் சுற்றுகளோடு சேராமல், தொப்பியைச் சரித்து வைத்த மாதிரி பக்கவாட்டில் படுத்திருந்தது. யார் உட்கார்ந்து இதைச் செதுக்கியது என்று ஐவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது கெராங்கு குஞ்சு" என்றாள்.

லூர்துசாமி சந்தேகப்பட்டார். "கெராங்கு உருண்டையா இருக்கு. இது ஊசியாட்டம் இருக்கே?"

"தலைப்பிரட்டைக்கு வாலு இருக்கு. தவளைக்கு இருக்கா?"

லூர்துசாமி மூக்குக் கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் ஐவியோடு வாதாடி அவர் ஜெயித்ததும் இல்லை, அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு புதுச் சட்டம் வந்துவிட்டது. அலசுகிற தண்ணீரை டீ வடிகட்டியில் ஊற்றி, குஞ்சுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, கழுவிய சாஸ் பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி அதில் விடுவாள். அடுத்த வாரம் மீரா சாஹிப் வந்ததும் பாட்டிலை அவர் கையில் கொடுப்பாள். முதல் தடவை வாங்கியபோது அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"கெராங்கு குஞ்சு, பாய். பாவம், தாயோட சேர்ந்து சாக்குல வந்துருச்சு. கொண்டுபோய் உங்க பாத்தியிலேயே விட்ருங்க. சின்னதைத் தின்னா அடுத்த வருஷம் பெரிசுக்கு எங்க போறது?"

மீரா சாஹிப் பாட்டிலை வேனுக்குள் வைத்தார். "சரிக்கா" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் வேன் நிற்பதற்குள் ஐவி குடைக்கடியிலிருந்து ஓடி வந்தாள். "குஞ்சுங்க போய்ச் சேர்ந்துச்சா, பாய்?"

மீரா சாஹிப் ஒரு நொடி ஸ்டியரிங்கைப் பார்த்தார். "சேர்ந்துச்சுக்கா. எல்லாம் நல்லா இருக்கு."

அந்த நல்லா இருக்கு இரண்டு வருடம் ஓடியது. வாரா வாரம் ஒரு பாட்டில் போகும், வாரா வாரம் சேதி வரும். லூர்துசாமி, "கெராங்குக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்துக்கிட்டு இருக்கா" என்று கோயிலில் சொல்லிச் சிரிப்பார். ஐவி சட்டை செய்யமாட்டாள். ஒரு சின்ன உயிரை அதன் வீட்டுக்கு அனுப்பிவைப்பதில் என்ன வெட்கம்? நாமெல்லாம் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் போகிற தண்ணீரை அவள் வடிகட்டிப் பார்த்தாள். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

கெராங் மெலிய ஆரம்பித்தது போன வருடக் கடைசியில். ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே சதை சுண்டிப் போயிருக்கும். சாக்குகளும் குறைந்தன. மீரா சாஹிப்பின் முகமும் கூடவே சுண்டியது. கடல் தண்ணீர் சரியில்லை என்றார்கள், மழை என்றார்கள், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

"சூசாலா அக்கா, ரொம்பக் கஷ்டம்" என்றார் மீரா சாஹிப் ஒரு நாள், தே ஓ குவளையை உருட்டிக்கொண்டே. "அடுத்த மாசம் புது விதை போடுறேன். அதுவும் இப்படிப் போச்சுன்னா பாத்தியை விட்டுட்டு வீட்ல உக்காந்துர வேண்டியதுதான். இந்தப் பக்கம் வாரதும் நின்னுரும்."

ஐவி முக்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். கெராங்குக்கு வேறு ஆள் கிடைப்பார்கள். தே ஓ குடித்துத் திட்டு வாங்க மீரா சாஹிப் மாதிரி வேறு ஆள் கிடைக்குமா? "எதுக்கு பாய் மனசு விடுறீங்க? நம்ம குஞ்சுங்க இருக்கே. ரெண்டு வருஷமா விட்டிருக்கோம். வளர்ந்து நிக்கும். இப்ப எவ்ளோ பெரிசு இருக்கும்?"

மீரா சாஹிப் சுண்டுவிரலை நீட்டி, நகத்துக்குக் கீழே ஓர் இடத்தைக் காட்டினார். காட்டியபோது அவர் ஐவியைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பாக்கணும்" என்றாள் ஐவி. "கடல் தண்ணி கொஞ்சம் கொண்டாங்க. நான் வீட்டுல ரெண்டு குஞ்சை வளர்த்துப் பாக்குறேன்."

அடுத்த வாரம் மறந்துவிட்டேன் என்றார். அதற்கடுத்த வாரமும் மறந்தார். மூன்றாவது வாரம் ஐவி குரலை உயர்த்தியதும் நான்காவது வாரம் ஒரு பிளாஸ்டிக் தோம்பு நிறையக் கடல் தண்ணீர் வந்து சேர்ந்தது.

பழைய மிட்டாய் ஜாடியை நன்றாகக் கழுவிச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கடல் தண்ணீரை ஊற்றி, சாக்கிலிருந்து அலசாத கெராங் நான்கைந்தை உள்ளே இறக்கினாள். அவற்றின் ஓட்டில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் குஞ்சுகளைக் கண்ணால் பார்க்க முடிந்தது. லூர்துசாமி கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கெராங் ஒன்று மெல்ல வாயைத் திறந்தது. திறந்ததும் குஞ்சுகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. ஓட்டின் வரிகளில் ஏறி, அந்தத் திறந்த விளிம்பில் போய் வரிசையாக நின்றன.

"தாயைத் தேடிப் போகுது பாருங்க!" ஐவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

விளிம்பில் நின்ற குஞ்சின் வாயிலிருந்து நூல் மாதிரி ஒன்று நீண்டது. நீண்டுகொண்டே போய், கெராங்கின் சதைக்குள் நுழைந்தது.

"பால் குடிக்குது" என்றாள் ஐவி.

"சிப்பிக்கு ஏதுடி பாலு?" என்றார் லூர்துசாமி.

கெராங் வெடுக்கென்று வாயை மூடியது. குஞ்சு அசையாமல் அங்கேயே காத்திருந்தது. மறுபடி திறந்ததும் மறுபடி நூல் உள்ளே போனது. ஐவி சிரிப்பை நிறுத்தினாள். நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அடுத்தடுத்த நாள்களில் வேலை முடிந்து வந்ததும் ஜாடிக்கு முன்னால்தான் உட்காருவாள். அதிகக் குஞ்சுகள் ஒட்டியிருந்த கெராங் வாயை மூடுவதற்கே சோம்பியது. தொட்டாலும் மெதுவாகத்தான் மூடியது. ஒரு நாள் மூடவே இல்லை, செத்துப்போயிருந்தது. அதன் மேல் இருந்த குஞ்சுகள் கீழே இறங்கி, ஜாடியின் அடியில் ஊர்ந்து, பக்கத்துக் கெராங்கின் மேல் ஏறிக்கொண்டிருந்தன. தாய் செத்ததற்கு ஒரு குஞ்சும் அங்கே நிற்கவில்லை. ஐவி செத்த கெராங்கை எடுத்து வெளியே வைத்தாள். அன்று முழுக்க அவள் யாரையும் அதட்டவில்லை. லூர்துசாமிக்குப் பயம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிற திமோத்தியைப் பிடித்தாள். திமோத்தி இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியர். கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, விசாரித்துச் சொல்கிறேன் என்று போனவர், சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது கெராங்கு குஞ்சு இல்லக்கா. தனி இனம். கடல் நத்தை. முழுசா வளர்ந்தாலே இவ்ளோதான் இருக்கும். இதுக்குப் பல்லு கிடையாது. ஊசி வச்ச குழாய் மாதிரி ஒன்னு இருக்கு. அதைச் சிப்பிக்குள்ள விட்டு உறிஞ்சிக் குடிக்கும்."

"அட்டை மாதிரியா?"

"ஓடு போட்ட அட்டைன்னு வச்சுக்குங்க."

ஐவி ஒரு நத்தையோட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "அப்ப இந்த நுனியில சாஞ்சு கெடக்குதே, இது?"

திமோத்தி அதையும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். முட்டையிலிருந்து வந்து கடலில் மிதக்கிற காலத்தில் அதன் ஓடு ஒரு பக்கமாகச் சுற்றி வளரும், அடியில் இறங்கி வாழ ஆரம்பித்ததும் எதிர்ப்பக்கமாகத் திரும்பிச் சுற்றும், அதனால்தான் அந்தச் சின்னச் சுருள் மட்டும் தலையில் சாய்ந்து நிற்கிறது என்று விளக்கினார். ஐவி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "பாக்க எவ்ளோ அழகு, சனியன்" என்றாள். அதில் கோபமும் இருந்தது, ஆசையும் இருந்தது.

பிறகு பாட்டில் கதையைச் சொன்னாள். திமோத்தி சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு ஒரு பொட்டலம் இலவசமாகக் கொடுக்கலாம். "அங்கேயிருந்து வந்ததுதானேக்கா திரும்பப் போச்சு. கெராங்கு மெலிஞ்சதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நீங்க அனுப்புனது கொஞ்சம்" என்றார்.

"கொஞ்சமா செஞ்சா தப்பு இல்லையா?"

அவர் போன பிறகு லூர்துசாமி தன் யோசனையைச் சொன்னார். "இனிமே அனுப்பாத. அவ்ளோதான். பாய்க்கு இது தெரியவா போகுது? சொன்னா மனுஷன் நொந்துபோவாரு. அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டாரு."

அதுதான் ஐவியையும் அரித்தது. மீரா சாஹிப்பின் கடைசிக் கால நம்பிக்கை அந்தப் பாத்தி. தூணாகப் பக்கத்தில் நின்று தைரியம் சொன்ன அதே வாயால், உங்கள் பாத்திக்குள் ரத்தம் உறிஞ்சுகிறதை அனுப்பியது நான்தான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த மனிதர் போய்விடுவார். சொல்லாவிட்டால் புது விதை வந்து சேற்றில் இறங்கும், காத்திருக்கிற வாய்களுக்கு இரையாகும்.

"போன்லயாவது சொல்லிரு" என்றார் லூர்துசாமி.

"தப்பை யாராச்சும் போன்ல சொல்லுவாங்களா?"

மறுநாள் கடைக்கு விடுமுறை விட்டாள். தம்பூன் ஊர்ப் பம்பளிமாஸ் பழம் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு ஈப்போ ஸ்டேஷனில் ரயில் ஏறினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மூன்று விஷயம். அது என்ன என்பது, தான் செய்தது என்ன என்பது, இனி என்ன செய்யலாம் என்பது. தைப்பிங் தாண்டுவதற்குள் முதல் இரண்டும் மனப்பாடம் ஆகிவிட்டன. மூன்றாவதைத் திமோத்தியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வந்திருந்தாள். ஆனாலும் வயல்கள் தெரிய ஆரம்பித்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள்.

பாகான் செராயில் மீரா சாஹிப்பின் வீடு வயலோரத்தில் இருந்தது. அவர் விதை பார்க்கப் போயிருந்தார். அவர் மனைவி ஷம்சாத் வெளியே வந்து, பேரைக் கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐவி அக்காவா! வாங்க, வாங்க. எங்க வாத்துக்கு வாரா வாரம் தீனி அனுப்புறவங்க நீங்கதானே? அந்தச் சின்ன ஓட்டைத் தின்ன பொறகு முட்டை ஓடு எவ்ளோ கெட்டி தெரியுமாக்கா? முன்னெல்லாம் தொட்டாலே ஒடையும்."

ஐவி பம்பளிமாஸ் பையோடு அப்படியே நின்றாள். முற்றத்தில் ஏழெட்டு வாத்துகள் திரிந்தன. எல்லாம் நல்ல கொழுத்த வாத்துகள். அப்படியென்றால் பாத்திக்கு ஒன்றும் போகவில்லை. மீரா சாஹிப்புக்குத் தன்னால் ஒரு கெடுதலும் வரவில்லை. நிம்மதியில் வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த உடனே ஆத்திரம் வந்தது. இரண்டு வருடம்! வடிகட்டியில் ஒன்று ஒன்றாகப் பொறுக்கி, உப்புப் பார்த்து, மூடி இறுக்கி அனுப்பியது இந்தக் கொழுத்த ஜென்மங்கள் தின்னவா? நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று வாய் கூசாமல் சொன்னாரே!

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மீரா சாஹிப் ஐவியைப் பார்த்தார். வாத்துகளைப் பார்த்தார். சிரித்த முகமாக நிற்கிற மனைவியைப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

ஐவி எழுந்து நின்றாள். வந்திருக்கிற கோபத்துக்கு வேறு யாராக இருந்தாலும் அதிலிருந்துதான் ஆரம்பித்திருப்பார்கள். ஐவி தான் சொல்ல வந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.

"பாய், நான் ஒரு தப்பு செஞ்சுட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்." ரயிலில் பழகிய வரிசையிலேயே சொன்னாள். அது குஞ்சு இல்லை, கெராங்கை உறிஞ்சுகிற நத்தை என்றாள். ஜாடியில் பார்த்ததைச் சொன்னாள். "அதைத்தான் உங்க பாத்தியில விடச் சொல்லி ரெண்டு வருஷமா குடுத்துக்கிட்டு இருந்தேன். என்னை மன்னிச்சிருங்க. இன்னொன்னு, உங்க பாத்தியில அது இருக்கு. கெராங்கை நல்ல தண்ணியில போட்டா அது வாயை இறுக்கி மூடிக்கும், இந்தச் சனியன் கழண்டு விழுந்துரும். விதையைக் கடல்ல தூவுறதுக்கு முன்னால அப்படிக் கொஞ்ச நேரம் அலசிப் போடுங்க. சார் ஒருத்தர்கிட்ட கேட்டுட்டேன். செய்யலாம்னாரு."

ஷம்சாத்தின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. மீரா சாஹிப் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அக்கா, நான் அதைக் கடல்ல விடவே இல்லையே."

"தெரியும். இப்பதான் தங்கச்சி சொன்னாங்க."

"தெரிஞ்சும் மன்னிப்புக் கேக்குறீங்களா?"

"நீங்க வாத்துக்குப் போட்டது உங்க பாடு. நான் கடலுக்குன்னுதானே அனுப்புனேன்."

மீரா சாஹிப் அவளை நிமிர்ந்து பார்த்தார். துணிக்கடையிலும் கடலிலும் எத்தனையோ பேரைப் பார்த்தவர்தான். இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சரி, என் பாடு முடிஞ்சுச்சு" என்றாள் ஐவி. இப்போதுதான் குரல் ஏறியது. "இப்ப நீங்க சொல்லுங்க. ஏன் பாய் பொய் சொன்னீங்க? குஞ்சு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்தானே? வெதை தூவுற மனுஷனுக்குத் தெரியாம இருக்குமா? வாரா வாரம் நல்லா இருக்குன்னு சொல்லி என்னைப் பைத்தியக்காரியாக்கிட்டீங்களே!"

"கெராங்கு குஞ்சு இல்லைன்னு மொத நாளே தெரியும்க்கா. ஏதோ ஒரு உயிரு, ஆசையாக் குடுக்குறீங்க, விட்டுருவோம்னுதான் போனேன். சத்தியமா. படகுல உக்காந்து பாட்டிலைத் தொறந்தேன்." தலைக்கவசத்தைக் கீழே வைத்தார். "நாத்தம் அடிச்சுச்சு. தண்ணியில கொட்டி விரலால கிண்டிப் பார்த்தேன். ஒன்னுகூட அசையல. வாரம் பூரா பாட்டில்ல இருந்து, வேன் சூட்டுல வந்து, எல்லாம் செத்துக் கெடந்துச்சு."

வாத்துகளைக் காலால் ஒதுக்கிவிட்டு மீரா சாஹிப் தொடர்ந்தார்.

"அடுத்த வாரம் உங்ககிட்ட சொல்லிறலாம்னுதான் வந்தேன். நான் வேனை நிறுத்தக்கூட இல்ல, நீங்க ஓடி வந்து, போய்ச் சேர்ந்துச்சான்னு கேட்டீங்க. அந்த மொகத்தைப் பார்த்து நான் எப்படிக்கா சொல்றது?"

ஐவிக்குத் தெரியும், அவை ரத்தம் உறிஞ்சுகிறவை. ஒரு கெராங்கைக் கொன்றுவிட்டு அடுத்ததன் மேல் ஏறியதை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள். அவற்றைப் பற்றி எச்சரிக்கத்தான் ரயில் ஏறி வந்திருந்தாள். இருந்தும் வாய்வரை வந்திருந்த அதட்டல் எங்கோ போய்விட்டது. பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தாள். கண்ணில் நீர் தளும்பியது.

"எல்லாமுமா பாய்?" என்று கேட்டாள்.